அக்கா பேரில் ஒரு அட்டை

அக்கா: …அந்தக் காகிதத்த எத்தன தடவ படிப்ப? எழுத்து மாறிடுமா என்ன?

தங்கை: மாறினா நல்லாயிருக்கும்.

அக்கா: குடு இங்க. டாக்டர் என்னதான் சொன்னாங்க? எனக்குப் புரியுற மாதிரி சொல்லு.

தங்கை: எனக்கு நெகட்டிவ் ரத்தம். அவருக்கு பாசிட்டிவ், வயித்துல இருக்கிறதுக்கும் பாசிட்டிவ். என் உடம்பு அத எதிரின்னு நெனச்சு அழிக்குதாம். பிள்ளைக்கு ரத்தம் வத்திக்கிட்டே வருது.

அக்கா: பெத்தவ உடம்பே பிள்ளைய அடிக்குமா?

தங்கை: எதிர்ப்புச் சக்தி எனக்கு நல்லாவே வேலை செய்யுதாம். ஒரு தும்மல் போட்டாலும் டானிக்க எடுத்துட்டு ஓடி வருவியே… சந்தோஷப்படு.

அக்கா: இப்பப் போய் கிண்டல் பண்றியே. வழி ஏதாச்சும் இருக்கா, இல்லையா?

தங்கை: இருக்கு. தொப்புள் கொடி வழியா பிள்ளைக்கே ரத்தம் ஏத்துவாங்க. இன்னைக்கு ஒண்ணு, அப்புறம் ரெண்டு மூணு வாரத்துக்கு ஒண்ணு. பொழைக்கும்… அனேகமா பொழைக்கும்னாங்க.

அக்கா: அனேகமாவா?

தங்கை: அடுத்த பிள்ளைக்கும் இதே பாடுதானாம். ஒரு தடவ பகைச்சுக்கிட்டா உடம்பு கடைசி வரைக்கும் மறக்காதாம்.

அக்கா: …மாப்பிள்ளை எங்க?

தங்கை: கையெழுத்துப் போட கீழ போயிருக்கார். அவர வச்சுக்கிட்டுத்தான் டாக்டர் கேட்டாங்க. "முதல் கர்ப்பத்துல இவ்வளவு வராதே, முன்னாடி ஏதாவது கலைஞ்சிருக்கா"ன்னு.

அக்கா: நீ என்ன சொன்ன?

தங்கை: இல்லன்னேன். வேற என்ன சொல்ல?

அக்கா: மெதுவாப் பேசு, பின்னாடி ஆளு இருக்கு.

தங்கை: ஆறு வருஷமா மெதுவாத்தான பேசுறோம். காலேஜ் கடைசி வருஷம், மூணு மாசத்துல கலைஞ்சப்ப, உன் ஆஸ்பத்திரி அட்டையக் காட்டித்தான என்னச் சேர்த்த? உன் பேரு, உன் வயசு, உன் ரத்தம்…

அக்கா: பின்ன என்னடி பண்ணச் சொல்ற? நான் கல்யாணமானவ, என் பேருல போனா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அப்பாவுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா…

தங்கை: உன்னக் குத்தம் சொல்லலக்கா.

அக்கா: நானும் சும்மா தப்பிக்கல. என் பையன் பொறந்தப்ப அட்டையப் பாத்துட்டு, "ஏற்கனவே ஒண்ணு கலைஞ்சிருக்கே"ன்னுட்டாங்க. உங்க மாமா பக்கத்துலதான் நின்னாரு. இன்னைக்கு வரைக்கும் அந்த மனுஷன் ஒரு வார்த்தை கேக்கல. பார்வை மட்டும்தான்.

தங்கை: ஐயோ… இத ஏன்கா எங்கிட்ட சொல்லல?

அக்கா: சொன்னா நீ அழுவ. உன்னச் சமாதானப்படுத்துறது எனக்கு இன்னொரு வேலை.

தங்கை: அன்னைக்கு ஒரு ஊசி போட்டிருந்தா இது எதுவுமே வந்திருக்காதாம். நெகட்டிவ்காரங்களுக்கு மூணு நாளைக்குள்ள போடுவாங்க. உன் அட்டையில பாசிட்டிவ்னு இருந்துச்சு. போடல.

அக்கா: ஒரே ஒரு ஊசியா?

தங்கை: ஒரே ஒரு ஊசி.

நர்ஸ்: பதினேழாம் நம்பர் யாரு? அஞ்சு நிமிஷத்துல உள்ள வாங்க.

தங்கை: நான்தான் சிஸ்டர். வர்றேன்.

அக்கா: இரு. நீ உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடணும். கேட்டா என்ன மன்னிக்க மாட்ட.

தங்கை: சொல்லு.

அக்கா: அன்னைக்கு உன் விரல்ல குத்திப் பாத்தாளே ஒரு நர்ஸு… திரைய இழுத்துவிட்டு என்னக் கூப்பிட்டா. "அட்டையில பாசிட்டிவ், இங்க நெகட்டிவ் காட்டுது. இது யார் அட்டை?"ன்னா. "அட்டைதான் சரி, நீங்க பாத்ததுதான் தப்பு"ன்னு சண்டைக்கே போயிட்டேன். அவளும் விட்டுட்டா. ஊசின்னு ஒண்ணு இருக்கிறது சத்தியமா எனக்குத் தெரியாதுடி. மாட்டிக்குவோம்னு மட்டும்தான் தெரிஞ்சுது.

தங்கை: அந்தக் காகிதத்தக் குடு, உள்ள கேப்பாங்க.

அக்கா: திட்டவாவது செய்யேன்.

தங்கை: என்னன்னு திட்ட? திரைக்கு இந்தப் பக்கம் நான் முழிச்சுக்கிட்டுத்தான் கெடந்தேன். அவ கேட்டது அத்தனையும் காதுல விழுந்துச்சு. காலேஜ்ல ரத்த தானம் பண்ணவக்கா நான்… நெகட்டிவ்னு எனக்கு அப்பவே தெரியும். நானும் வாயத் தொறக்கல.