சிம்மு வேண்டாத போனு

நில்லு மக்கா, நில்லு. இப்ப டிங்குன்னு ஒரு சத்தம் கேட்டுதே, அது எனக்க போனுலயா, இல்ல ஒனக்க மேசையில கெடக்க மத்த போனுலயா? நல்லாப் பாத்துச் சொல்லு. ஒனக்குத்தான் வந்திருக்கா? கூட்டாளியா? செரி, அப்பம் கொழப்பமில்ல. மாதாவே, உயிரு ஒருக்கா வெளிய போயிட்டு வந்துது.

எனக்க போனு இன்னும் ஓணே ஆவல்லன்னு சிரிக்குத. சிரி, சிரி. கையில கத்தி இருக்கும்போ மனுசன இப்பிடி பேடிக்க வைக்கப்பிடாது, கேட்டியா. ஒரு சாளை மீனு தெறிச்சு ஒனக்க கடைப்படிக்கு அந்தாண்ட போயிட்டு. அத நான் எடுத்துக் கழுவிக்கிடுதேன். நீ பேட்டரிய மாத்து, நான் ஒனக்க மீன வெட்டித் தாறேன். ஒனக்க அம்மைக்கு முட்டுல வலின்னு நீதான சொன்ன, குத்த வச்சிருந்து வெட்ட முடியாதுல்ல.

ஆனா ஒரு காரியம். இது ஓண் ஆனதும் நெட்டு, வைஃபைன்னு ஒண்ணையும் இதுக்குக் காட்டிராத. மேல ஏரோப்ளேன் படம் ஒண்ணு வரும். அது வந்தா வந்தபடி நிக்கட்டும், அதத் தொட்டு விளையாடாத. நான் இந்த ஜென்மத்துல ஏரோப்ளேன்ல ஏறப் போறதில்ல. எனக்க போனாவது பறந்துக்கிட்டுக் கெடக்கட்டும்.

சிம்மு இல்லாம எதுக்கு செசிலியக்கா இம்புட்டுப் பெரிய போனுன்னு கேக்குத. ஒருபாடு பேரு கேட்டாச்சு. எல்லாருக்கும் ஒரே பதில்தான். பேசதுக்கு எங்கிட்ட பட்டன் போனு இருக்கு, இந்நா பாரு, இடுப்புல. மொவ விளிப்பா, மீன் எடுக்கவளுவ விளிப்பாளுவ, அதுல பேசிக்கிடுவேன். இது வேற. இதுல டார்ச்சு இருக்கு. கணக்குப் போடலாம். வெளுக்குமுன்ன எந்திரிக்க மணி அடிக்கும். காதுல மாட்டுத வயர சொருவினா ரேடியோ பாடும், அதுக்கு எந்த சிம்மும் வேண்டாம். இதெல்லாம் போராதா? அவசரத்துக்கு மட்டும் விளிக்கலாம்னு வேற எழுதிக் காட்டுதாம், எனக்க மருமகன்தான் ஒருக்கா எட்டிப் பாத்து வாசிச்சுச் சொன்னான். நமக்கு என்ன அவசரம் மக்கா. அவசரம் எல்லாம் வந்துட்டுப் போயாச்சு.

பின்ன, சிம்மு இல்லாத்தது எவ்வளவு நிம்மதி தெரியுமா? எங்க தெருவுல சகாயத்துக்கப் பொண்டாட்டிக்கு நாளொண்ணுக்கு ஒருத்தி விளிச்சு, ஒனக்குப் பரிசா காரு விழுந்திருக்குங்கா. இவ ஓலப்பெரையில காரக் கொண்டு எங்க நிறுத்துவா? அந்த ரோதனையெல்லாம் எனக்கில்ல.

எடையில சந்திக்குச் சந்தி குடைய நாட்டி வச்சு, சிம்ம சும்மா குடுத்தானுவளே, ஞாபகமிருக்கா? நீயும் ஒரு குடை வச்சிருந்த, பாத்தேன். மீனக் கொண்டுக்கிட்டு போவ விடமாட்டானுவ. அக்கா சும்மாதான் அக்கா, ஒரு விரல மட்டும் இதுல வையுங்கன்னு பொறத்தால வருவானுவ. வச்சேன். பத்து விரலையும் மாத்தி மாத்தி வச்சேன். ஒண்ணும் விழல்ல. மீன் அறுத்து அறுத்து ரேகை எல்லாம் தேஞ்சு கெடக்கு, மிஷினு என்னத்தக் கண்டுபிடிக்கும். அவனுக்கு விசனம். எனக்குச் சந்தோசம். ஊரெல்லாம் க்யூவுல நின்னு வாங்கினத, வாங்காம தப்பிச்சவ நான் ஒருத்திதான்.

பேட்டரி எப்பிடி, எடுக்க வருதா? பாத்து. வயறு ஊதி மூடிய தள்ளிக்கிட்டு நின்னுது. எனக்க மொவ டெல்சி அதப் பாத்துட்டு, எனக்கும் இந்தப் போனுக்கும் ஒரே மாசந்தான் போலிருக்குன்னா. ஆமா, அவளுக்கு இது நிறைமாசம். மாப்பிள வீடு திருவட்டாறுக்குப் பக்கம். பயலுக்குப் பேரு ஸ்மைலின். ரப்பர் வெட்டுக் குடும்பம், வேற சபை. நாங்க கடக்கரை, மாதா கோயிலு. எங்ஙனயோ ரெண்டும் பழகிப்போச்சு.

நல்ல பயதான். அதத்தான் சொல்ல வாறேன், நல்ல பயலா இருக்கதுதான் எனக்கு இப்ப எடஞ்சல். அத்த, இந்தப் பழைய போனு எதுக்கு, புதுசு ஒண்ணு எடுத்துத் தாறேன், மாமாவுக்கப் போட்டோ எல்லாத்தையும் நெட்டு வழியா அதுக்கு மாத்திரலாம்னு நிக்கான். வீட்டுக்கு வந்தாலே அவனுக்கப் போனுல இருந்து நாலு பேருக்கு நெட்ட ஊத்திக் குடுப்பான், ஓசிக்கு. அவன் பைக்குக்கச் சத்தம் முக்குல கேட்டா நான் இத அரிசிப் பானையில பொதச்சு வச்சிருவேன். ஒருக்கா அரிசி எடுக்கப் போன டெல்சி கையில தட்டிப் போச்சு. நனைஞ்சு போச்சு மக்களே, அரிசியில போட்டா ஈரத்த எடுத்துருமாம்னு ஒரு மாதிரிச் சமாளிச்சேன்.

பாத்தியா, மாமாவுக்கப் போட்டோன்னு சொன்னதும் நீ நிமிந்துட்ட. ஆமா மக்கா, இது எனக்க மாப்பிளைக்கப் போனு. டெல்சிக்க அப்பா. சிலுவைதாசன்னா ஒனக்குத் தெரியாது. கொச்சி போட்டுல தங்கலுக்குப் போயிட்டிருந்தாரு. ஆழக்கடலுக்குப் போனா மாசம் ஒண்ணு ஆவும் திரும்ப. வலய இழுக்கும்போ அலை அவரத் தூக்கிக் கடல்ல போட்டுட்டு. தேடுனானுவ. கெடைக்கல்ல. பையும் போனும் மட்டும் வந்துது, ஆன்ட்ரூஸுதான் கொண்டாந்து தந்தான், அவருக்கக் கூடப் போறவன். மூணு வருசம் ஆச்சு. இல்ல, நீ அப்பிடி மூஞ்சிய வைக்காண்டாம். பூசை வச்சாச்சு, கல்லறையில வெறும் பெட்டியும் வச்சாச்சு. எனக்குப் புத்தி தெளிஞ்சுதான் இருக்கு. செத்தவரு வருவாருன்னு போனப் பாத்துக்கிட்டு இருக்கவ இல்ல நான்.

ஊருல அப்பிடித்தான் நெனச்சிக்கிட்டு இருக்காளுவ. பாவம் செசிலி, மாப்பிளைக்கப் போன நெஞ்சோட வச்சிக்கிட்டு நடக்கான்னு. நெனச்சா நெனச்சுக்கிடட்டும். அந்த வகையில தெருவுல எனக்கு நல்ல மரியாத.

ஓண் ஆயிட்டா? ஏரோப்ளேன் நிக்குதா? வச்சிரு, வச்சிரு. நாலு நாளா செத்துக் கெடந்துது, நான் பட்ட பாடு. என்னது? வாட்ஸ்அப்ப எதுக்குத் தொறந்த? சும்மா பாக்கவா?

ஆமா. சேதி ஒண்ணு போவாம கெடக்குதுதான். பக்கத்துல குட்டிக் கடிகாரம் காட்டுது, எனக்குத் தெரியும். இல்ல, அனுப்பாண்டாம். கைய எடு மக்கா. எடு சொல்லுதேன். கீழ வையி.

வச்சாச்சா? செரி. இனி சொல்லாம இருந்தா நீ மறந்தாப்புல நெட்டப் போட்டுருவ. கேளு.

தங்கலுக்குப் போறவனுவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கரை மறைஞ்சு கொஞ்சம் போனா ரேஞ்சு செத்துரும். பிறவு எல்லாவனுக்கப் போனும் இந்தப் போனப் போலத்தான், சிம்மு இருந்தும் இல்லாத போனு. படம் பாப்பானுவ, பாட்டு கேப்பானுவ. வீட்டு நெனப்பு வந்தா, போவாதுன்னு தெரிஞ்சுக்கிட்டே வாட்ஸ்அப்புல பேசி வைப்பானுவ. அது கடிகாரத்தக் காட்டிக்கிட்டு அங்ஙனயே கெடக்கும். திரும்பி வரும்போ ரேஞ்சு கிட்டின ஒடன எல்லாம் ஒட்டுக்காப் பாயும். எங்க ஊருல போட்டு வருதுன்னு அறியதே அதுலதான். அடுப்புல கறி கொதிக்கும்போ போனு நிக்காம அடிக்கும். எல்லாம் ஆறிப்போன சேதி. பல்லு வலிக்குன்னு அவன் சொன்னதக் கேட்டு இவ கண்ணு கலங்கும்போ, அவனுக்குப் பல்லு சொகமாகி ரெண்டு வாரம் ஆயிருக்கும்.

எனக்க மாப்பிள அதுலயும் காசு எறங்காத பிசுக்கரு. மீனுக்கா விளிக்கப் போறேன்னு சொல்லி, கடலுக்குப் போவும்போ ரீசார்ஜே பண்ண மாட்டாரு. கரையேறி, ஹார்பர் கடையில காசு போட்டாத்தான் அவருக்கச் சேதி வரும். எல்லாவளுக்கும் வந்து முடிஞ்சப் பிறவு கடைசியா எனக்கு வரும். அதுக்கு நான் ஏசாத நாளில்ல. அந்தப் பிசுக்குத்தான் பிறவு வீட்டக் காப்பாத்திச்சு.

கடைசியாப் போனாருல்லா, அதுக்கு முந்தின வாரம் இந்த ஸ்மைலின் பய எங்க வீட்டுக்கு வந்தான். டெல்சி சொல்லித்தான் பொண்ணு கேட்டு வந்தான். பாத்தா நல்ல நிறம், நல்ல சட்டை. கடக்கரை வழியா நடந்து வந்தவன் கர்ச்சீப்ப எடுத்து மூக்கப் பொத்திக்கிட்டான். வேணும்னு செய்யல்ல. கருவாடு காஞ்சுக்கிட்டு இருந்துது, மலையடிவாரத்துல வளந்த பயலுக்கு அது தாங்கல்ல. இவரு அதப் பாத்துட்டாரு. சாயா குடுத்து அனுப்பி விட்டாரு. டெல்சி நாலு நாளு அழுது கரைஞ்சா. யோசிச்சுச் சொல்லுதேன் மக்களேன்னாரு. யோசிக்க அவருக்கு எடம் கடல்தான். கரையில யோசிச்சு நான் கண்டதில்ல.

பிறவு போனுதான் வந்துது. அணைஞ்சு கெடந்தத சார்ஜுல போட்டு ஓண் பண்ணுதேன். டெல்சிக்கப் பேருல ஒரு வாய்ஸு. கடிகாரம் காட்டிக்கிட்டு நிக்குது. அவ அடுத்த முறியில கரைஞ்சிக்கிட்டு கெடக்கா, அப்பா ஒண்ணும் சொல்லாமலே போயிட்டாரேன்னு. நான் அடுக்களையில கதவச் சாத்தி, காதோட வச்சுக் கேட்டேன்.

மக்களே, அப்பா நல்லா யோசிச்சாச்சு. அந்த மூக்குப் பொத்தி நமக்கு வேண்டாம்.

அதுதான் தொடக்கம். பிறவு நீளமாப் போவும். ஒனக்க அப்பன் நாறுதான்னு நெனைக்கவன் நாளைக்கு ஒன்னையும் நாறுதான்னு சொல்லுவான். எனக்க சம்மதம் இல்ல, எனக்க காலத்துல நடக்காதுன்னு. காலம் முடிஞ்சது அவருக்கே தெரியாது. நான் அப்பவே மூடியக் கழத்தி சிம்ம எடுத்தேன். அடுப்புல போட்டேன். ஏரோப்ளேன ஏத்த ஆன்ட்ரூஸுக்கப் பயலுட்டப் படிச்சேன். அம்மா, அப்பா ஒங்கிட்ட வல்லதும் சொன்னாராம்மான்னு டெல்சி கேட்டா. ஒனக்க இஷ்டந்தான மக்களே அவருக்க இஷ்டம்னேன். தாலிகெட்டு முடிஞ்சுது. பய இப்ப சனிக்கெழம தோறும் வந்து எங்கூட இருந்து மீன் கழுவுதான். மூக்க இப்பவும் பொத்தத்தான் செய்யுதான், ஒத்தக் கையால.

இப்ப நீ அனுப்பிரட்டான்னு கேட்டியே, அது எங்க போவும்? நேரா அவளுக்கப் போனுல போய் விழும். நிறைமாசக்காரி, அப்பனுக்கப் பேரக் கண்டு ஒடன தொறப்பா. செத்தவரு வந்து ஒனக்க மாப்பிள வேண்டாம்னு சொல்லுவாரு. பக்கத்துல இவன் இருந்து கேப்பான். பின்ன அந்தப் புள்ள யாருக்க மடியில வளரும், சொல்லு.

அழிச்சிரலாமே அக்கான்னு சொல்லுவன்னு தெரியும். ஆன்ட்ரூஸுக்கப் பயலும் அழிக்க எப்பிடின்னு காட்டித்தான் தந்தான். வெரலு போவல்ல. என்னது, வாய்ஸ மட்டும் வேற எடத்துல எடுத்து வச்சிட்டு இத அழிக்கலாமா? கொள்ளாம், நல்ல புத்தி. ஆனா வேண்டாம் மக்கா. மேல டெல்சின்னு பேரு இருக்கு, கீழ அவரு பேசினது இருக்கு. பிரிச்சு எடுத்தா அது யாருக்கும் இல்லாத ஏச்சா ஆயிரும். அவரு அவளுக்குச் சொன்னது. அது போவவும் வேண்டாம், சாவவும் வேண்டாம். அப்பிடியே பறந்துக்கிட்டு கெடக்கட்டும்.

கேக்கதுண்டாவா? தெனமும் கேப்பேன். மீன் வித்துட்டு வந்து, அருவாமணையக் கழுவி வச்சிட்டு, ஒருக்கா போடுவேன். ஏச்சு முழுசையும் இருந்து கேக்கணும். எடையில தள்ளிவிட எனக்குத் தெரியாது. கடைசியில, அவரு அந்தப் பயலத் திட்டிக்கிட்டு இருக்கும்போ, பொறத்தால யாரோ சோறு தின்ன விளிக்கானுவ. எஞ்சினு சத்தம் கெடக்கு. இவரு அந்தாண்ட திரும்பி, இந்நா வாறேன்னு சொல்லுதாரு.

அவ்வளவுதான். அதோட முடிஞ்சுது. அந்த ஒத்த வார்த்தைக்காவத்தான் மூணு வருசமா எனக்க மருமகன அவரு திட்டதக் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

என்னத்துக்கு மக்கா தலையக் குனிஞ்சுக்கிட்டு? மூடிய ஒழுங்கா மாட்டு. அங்ஙன ஒரு செம்பு வெள்ளம் எடுத்துத் தா, மீன் குடலு எல்லாம் கையில ஒட்டிக்கிட்டு கெடக்கு. அம்மை கறி வைப்பாளா, பொரிப்பாளா? பொரிக்கன்னா ரெண்டு பக்கமும் கீறித் தாறேன். தலைய களையட்டா, இருக்கட்டா?