கண்டக்டர் ஆதிநாராயணன் ஊதிய கோல்

தலைமை ஏற்றிருக்கும் ஊர்க்கவுண்டர் முனியன் அவர்களே, திருப்பத்தூரிலிருந்து துக்கத்தோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கண்டக்டரின் துணைவியார் சம்பூர்ணம் அம்மையார் அவர்களே, டிரைவர், கண்டக்டர் தோழர்களே, காவலூர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, அதோ மைதானத்தின் ஓரத்திலேயே நின்றுகொண்டிருக்கும் நெல்லிவாசல்நாட்டு மக்களே! உட்காருங்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் பாய் விரித்திருக்கிறோம். இந்த ஊரில் இனி கால் வைக்க மாட்டோம் என்று போன பொங்கலுக்குச் சொல்லிவிட்டுப் போனீர்கள். துக்கத்துக்குப் பகை பார்க்கக் கூடாது என்று இன்று வந்திருக்கிறீர்கள். அந்தப் பெருந்தன்மைக்குக் காவலூர்க் கால்பந்துக் குழுவின் தலைவன் என்கிற முறையில் கும்பிடு போடுகிறேன்.

யாருக்காகக் கூடியிருக்கிறோம்? கண்டக்டர் ஆதிநாராயணன் அவர்களுக்காக. நம் மலையின் கால்பந்து நடுவர் திலகத்துக்காக! போன மாதம் திருப்பத்தூர் பஸ் நிலையத்தில் மார்வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாலைப் பஸ்ஸில் வேறொரு கண்டக்டர் வந்து இறங்கியபோதுதான் நமக்குத் தெரிந்தது.

அவர் மலைக்காரர் அல்ல, அடிவாரத்துக்காரர். ஆனால் நம்மில் யாருக்கு அவர் அந்நியர்? புளி மூட்டையை ஏற்ற மாட்டேன் என்று டிரைவர் முகம் சுளித்தால், "மூட்டைக்கும் ஆளுக்கும் ஒரே ஊருதான், ஏத்துப்பா" என்று தானே ஒரு பக்கம் பிடித்து ஏற்றியவர் யார்? நம் ஊர்ப் பெண் ஒருத்திக்கு வழியில் இடுப்பு வலி கண்டபோது, எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் விசிலை ஊதிக்கொண்டே ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்தியவர் யார்? அந்தக் குழந்தைக்கு விசிலு என்றே பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. இறங்க மறந்து பஸ்ஸில் தூங்கிப்போன பெரியவர்களைத் தட்டி எழுப்பி இறக்கிவிட்டவரும் அவர்தான்; அந்தப் பெரியவர்களில் நானும் ஒருவன் என்று வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள்!

விசில் அவருக்குத் தொழில். ஞாயிற்றுக்கிழமையில் அதே விசிலோடு இந்த மைதானத்துக்கு வருவார். பஸ்ஸில் எவ்வளவு விட்டுக்கொடுப்பாரோ அவ்வளவு விடாப்பிடி இங்கே. தன் சொந்த மச்சானையே ஆட்டத்திலிருந்து வெளியே அனுப்பினார். மச்சான் மூன்று தீபாவளிக்கு வீட்டுப் பக்கம் வரவில்லை. அம்மையார் சாட்சி. "அவன் வராட்டி முறுக்கு மிஞ்சும்" என்றார் மனிதர்! அப்பேர்ப்பட்டவர் ஊதிய ஒரு விசில்தான் இன்று இந்த மைதானத்தை இரண்டாகப் பிளந்து வைத்திருக்கிறது. அதைப் பேசாமல், நல்லவர் வல்லவர் என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு மாலை போட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

நடந்ததை அறியாத டிரைவர் தோழர்களுக்காகச் சொல்கிறேன். போன பொங்கல் இறுதி ஆட்டம். காவலூருக்கும் நெல்லிவாசலுக்கும். ஆளுக்கு ஒரு கோல். நம் மைதானத்தில் கோல் என்றால் என்ன? இரண்டு மூங்கில், மேலே குறுக்கே ஒரு கயிறு. வலை கிடையாது. பந்து கயிற்றுக்குக் கீழே போனால் கோல், மேலே போனால் இல்லை. வலை இல்லாத கோலில் பந்து போன பிறகு சாட்சி ஏது? கோட்டோரம் கொடி பிடிக்க ஊருக்கு ஒருவர். அந்தக் கொடிகளை யார் நம்புவது? ஒரு கொடி ஏறும், ஒரு கொடி இறங்கும். அதனால் எல்லாம் கண்டக்டரின் கண்ணில்தான் நின்றது.

ஆட்டம் முடியப் போகிற நேரம். கோப்பை கொடுக்க வந்த அரிசி மில் முதலாளியின் ஜீப்பு அப்போதுதான் மேலேறி வருகிறது. தூர நிறுத்தக் கூடாதா? மைதானத்து ஓரம் வரை வந்து திரும்புகிறது. புழுதி! நான் மாலையோடு ஓடுகிறேன். பின்னால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது. நம் முன்வரிசை ஆட்டக்காரர் மாதையன் தூரத்திலிருந்து உதைக்கிறார். நெல்லிவாசல் கோல்காப்பாளர் வேடியப்பன் கையைத் தூக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பந்து மேலே போகிறது என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்தவன் எதற்குக் குதிப்பான்? 'கோல்!' என்று சத்தம். விசில். காவலூருக்குக் கோப்பை.

நமக்குக் கோப்பை வந்தது. வேடியப்பனுக்கு என்ன வந்தது? அவர் பெண் எடுத்தது எங்கே? காவலூரில்! நம் ஊர் செல்லியைக் கட்டியவர். அவர் ஊர் போய்ச் சேருவதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. "மாமனார் வூட்டுக்கு மாப்ள கோலை சீரா வெச்சிட்டான்டா!" என்றார்கள். சிரித்தார்கள். முதலில் சிரிப்பு, அப்புறம் காறித் துப்பல். கூடப் பிறந்த அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து களி தின்ன மாட்டேன் என்றார். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் செல்லியிடம், "உங்க ஊருக்கு இன்னும் இன்னா வோணும், எங்க சாமையையும் அளந்து குடுத்துடலாமா?" என்று கேட்டார்கள். மாரியம்மன் திருவிழாவுக்குத் தாய் வீடு வந்த செல்லி திரும்பிப் போகவில்லை. வேடியப்பன் கூப்பிட வரவில்லை. அவர் இந்த ஊருக்கு வந்தால் அங்கே என்ன பேசுவார்கள்? ஒரு பந்துக்காக ஒரு குடும்பம் ஆளுக்கொரு மலையில் கிடக்கிறது ஐயா!

இப்போது கண்ணாயிரம் அவர்களிடம் வருகிறேன். திருப்பத்தூரில் கல்யாண வீடியோ எடுக்கிறவர். முதலாளிக்கு மாலை போடுவதைப் படம் பிடிக்கத்தான் அவரைக் கூப்பிட்டோம். ஆட்டத்தைப் படம் பிடிக்க அல்ல. நமக்கு அந்தப் புத்தி ஏது? அவர் மாலையைத்தான் பிடித்தார். ஆனால் அவர் நின்ற பக்கம் புழுதி இல்லை, முதலாளியின் தோளுக்கு மேலே கோல் தெரிகிறது. சில மாதம் கழித்து அந்தக் கேசட்டை ஓடவிட்டுப் பார்த்தவர் திடுக்கிட்டு, நேரே பஸ் நிலையம் போய்க் கண்டக்டரிடமே சொல்லிவிட்டார்.

காவலூரில் ஒரு நண்பர் வீட்டில் டிவியும், கேசட் போடுகிற டெக்கும் இருக்கிறது. அங்கே போட்டுப் பார்த்தோம். நானும் இருந்தேன். முதலாளியின் கழுத்து, என் கை, மாலை. அதற்குப் பின்னால் பந்து கயிற்றுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் போகிறது. காற்றில் கயிறு ஆடுகிறதே தவிர, பந்து படக்கூட இல்லை. கண்டக்டர், "திருப்பி போடுங்க" என்றார். போட்டார்கள். "இன்னொருக்கா" என்றார். நான், "பந்து தெரியுதுங்களே, இன்னும் இன்னா பாக்கறீங்க?" என்றேன். "நான் பாக்கலீங்க, கேக்கறேன்" என்றார்.

எங்களையும் கேட்கச் சொன்னார். கேட்டோம். முதலில் 'கோல்!' என்று கூட்டம் கத்துகிறது. அதற்குப் பிறகுதான் விசில் சத்தம் வருகிறது. "புழுதியில எனக்கு பந்து தெரியலீங்க. சத்தம் கேட்டுது, ஊதிட்டேன். கண்ணால ஊத வேண்டியத காதால ஊதிட்டேன்" என்று சொல்லித் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

அன்றிலிருந்து நம் ஊரில் ஒரே வழக்கு. கேமராவை வைத்துத் தீர்ப்பைத் திருத்தலாமா, கூடாதா? கூடாது என்கிறவர்கள், ஆட்டம் முடிந்தால் நடுவர் சொன்னது சொன்னதுதான், சட்டம் அப்படி என்கிறார்கள். இன்னொன்றும் கேட்கிறார்கள். முதல் பாதியில் நெல்லிவாசல் போட்ட கோலில் கை பட்டது என்று நாங்கள் சொல்கிறோமே, அந்தக் கோலுக்குப் படம் எங்கே? அப்போது ஜீப்பே வரவில்லையே! ஒரு பக்கத்துத் தப்பை மட்டும் திருத்தினால் அது எந்த ஊர் நியாயம்? எனக்கும் இதற்குப் பதில் தெரியவில்லை. தெரிந்த மாதிரி நடிக்கவும் மாட்டேன். வேண்டும் என்கிறவர்கள், போன வருஷம் உலகக் கோப்பையில் கையால் தட்டிய கோலை உலகமே டிவியில் பார்த்தது, ஊதியவர் ஒருவர்தான் பார்க்கவில்லை, இது என்ன கூத்து என்கிறார்கள். அதுவும் சரியாகத்தான் இருக்கிறது.

கண்டக்டர் எந்தப் பக்கம்? அவமானப்பட்டவர் அல்லவா, கேசட்டை உடைக்கச் சொல்லியிருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை! "இது எனக்கு எதிரி இல்லீங்க, தொணை. அன்னிக்கே, அந்த எடத்துலயே இத்த எனக்குக் காட்டியிருந்தா, விசிலு ஈரம் காயறதுக்குள்ள மாத்தி ஊதியிருப்பேனே" என்றார். அவரைக் கேமரா கொன்றது என்று சிலர் பேசிக்கொண்டு திரிகிறீர்கள். அது பொய். கேமரா அவரைக் கொல்லவில்லை. அவரைக் குடைந்தது, தன் விசிலால் வேடியப்பன் மேல் விழுந்த பழி.

லீவு போட்டுவிட்டு, கேசட்டைக் கண்டக்டர் பையில் போட்டுக்கொண்டு, கண்ணாயிரத்தையும் கூட்டிக்கொண்டு நெல்லிவாசலுக்கு நடந்தே போனார். போய்ச் சேர்ந்த பிறகுதான் புத்தி வந்தது. அங்கே கரண்டு ஏது? டிவி ஏது? வேடியப்பனின் தாயார் பெரியம்மாள் கேசட்டைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "இதுக்குள்ளயா எம் பையன் நியாயம் கீது? கருப்பு நாடாதான் சாமி தெரியுது" என்றாராம். ஊர் கூடி நின்றது. நம்மாள் வாய் திறந்தார். "பந்து மேல போச்சு. வேடியப்பன் மேல தப்பு இல்ல. தப்பு என்னுது" என்றார்.

முடிந்ததா? முடியவில்லை. நாட்டுப் பஞ்சாயத்து வழக்கம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு சொல்லைத் திருப்பி எடுக்க வேண்டுமானால், சொன்ன இடத்திலேயே நின்று, சொன்ன வாயாலேயே, இரண்டு பக்கத்து ஆளும் கேட்க எடுக்க வேண்டும். வேறு இடத்தில் வந்து சொன்னால் அது ஆறுதல், தீர்ப்பு அல்ல. "நீங்க ஊதுனது காவலூரு கெரவுண்டுல. அங்க நின்னு சொல்லுங்க, நாங்க ஏத்துக்கறோம்" என்றார் அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரான நாட்டார். சரி என்று ஒப்புக்கொண்டார் கண்டக்டர். வருகிற பொங்கல் ஆட்டத்துக்கு முன்னால், இதே மைதானத்தில் சொல்வதாக வாக்குக் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் செத்துப் போனார்.

என்ன கொடுமை பாருங்கள்! சொன்ன வாய்தான் எடுக்க வேண்டும். அந்த வாய்க்கு அரிசி போட்டாயிற்று. படம் இருக்கிறது, அதற்கு வாய் இல்லை. வழக்கம் இருக்கிறது, அதற்கு ஆள் இல்லை. வேடியப்பன் இனி காலம் முழுக்க மாமனார் வீட்டுக்குச் சீர் வைத்தவன்தானா?

இன்று காலை கண்ணாயிரம் டிவியையும் டெக்கையும் ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார். ரெண்டு ஊரும் இருக்குது, போட்டுடட்டுமா என்றார். போடுவோம், நிச்சயம் போடுவோம், ஆனால் கொஞ்சம் பொறு என்று சொல்லியிருக்கிறேன். ஏன் தெரியுமா? படத்தைப் போட்டால் எல்லோரும் பந்தைப் பார்ப்பீர்கள். 'அடடா, கண்டக்டர் தப்பு பண்ணிட்டார்' என்று செத்தவர் மேல் மண்ணோடு பழியையும் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். அதற்கு நான் விட மாட்டேன்.

அம்மையாரிடம் நேற்று கேட்டேன், இதையெல்லாம் இந்த மேடையில் பேசலாமா என்று. "கடைசி வரைக்கும் அதத்தான் பொலம்பிக்கினு இருந்தாரு. அவரு சொல்லாம போனத யாராவது சொல்லுங்க, போதும்" என்றார். அம்மா, உங்கள் கண்ணீருக்கு முன்னால் உறுதி சொல்கிறேன். வருகிற பொங்கலிலிருந்து இரண்டு கோலுக்கும் கேமரா நிற்கும். எந்த முதலாளி வந்தாலும் அது திரும்பாது. ஊதியவர் பார்த்துத் திருத்த நினைத்தால், அங்கேயே திருத்தலாம் என்று எங்கள் குழு விதி எழுதும். மேலிடத்துச் சட்டம் ஒப்பாவிட்டால் போகட்டும், இது நம் மலை ஆட்டம். கயிற்றுக்குப் பின்னால் வலையும் கட்டுவோம். கோப்பை யாருக்கு என்பதை இரண்டு ஊரும் உட்கார்ந்து பேசிக்கொள்வோம், அதற்கு அவசரமில்லை. ஒரு மனிதனின் பேருக்குத்தான் அவசரம்.

பெரியவர்களே, வழக்கத்தை நான் மீறச் சொல்லவில்லை. வழக்கப்படியே கேட்கிறேன். சொன்ன வாய்தான் திருப்பி எடுக்க வேண்டும், இல்லையா? அன்று 'கோல்' என்ற சொல்லை முதலில் சொன்னது யார் வாய்? கண்டக்டரா? கேசட் சொல்கிறதே! விசிலுக்கு முன்னால் கத்தியது காவலூர்! அத்தனை பேரும் இங்கேதான் இருக்கிறீர்கள். இதே இடம். இரண்டு பக்கத்து ஆளும் கேட்கிறார்கள். செல்லி அதோ தாய்மார்கள் நடுவே இருக்கிறாள். வேடியப்பன் அந்த மூங்கிலருகே நிற்கிறார்.

இந்த இடத்தில் இரண்டு நிமிடம் எழுந்து நின்று மௌனம் காக்கச் சொல்வது சபை வழக்கம். நான் சொல்லப் போவதில்லை. கண்டக்டர் ஆதிநாராயணனுக்கு நம் மௌனம் வேண்டாம். போதுமான அளவுக்கு வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டோம். எல்லோரும் எழுந்திருங்கள். எழுந்து நின்று பேசுங்கள். அன்று பந்தைக் கண்ணால் கண்டவர் எவரோ, அவர் வாய் திறந்து சொல்லட்டும்.

மாதையா, உதைத்தவன் நீ. நீதான் முதலில் சொல்ல வேண்டும். தலை குனியாதே, வேடியப்பனைப் பார்த்துச் சொல்லப்பா. பந்து கயிற்றுக்கு மேலேயா, கீழேயா?