சக்கரம் அவன் வேலை

— ஓடும்னு சொல்லித்தானே சார் வித்தீங்க?

— ஓடும்னுதான் இப்பவும் சொல்றேன். என் கையில ஓடாது, அவ்வளவுதான்.

— நல்லா இருக்கே கதை! உங்க கையில ஓடாதது என் கையில மட்டும் எப்படி ஓடும்? நீராவி எஞ்சின், நீராவி எஞ்சின்னு ஆசையா வாங்கினா, இது மேசை மேல பொம்மை மாதிரி உக்காந்திருக்கு.

— பொம்மைதாம்மா அது. ஆனா நெஜ எஞ்சின் என்னென்ன செய்யுமோ அத்தனையும் செய்யும். கோவிச்சுக்கிட்டு போனை மட்டும் வெச்சிடாதீங்க. பொறுமையா ஒண்ணொண்ணா சொல்றேன்.

— வைக்கலை, சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போட்டு எஞ்சினுக்குப் பக்கத்துலயே சாத்தி வெச்சிருக்கேன். சீக்கிரம் சார். வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு வர்ற நேரம். அவர் உள்ள நுழையும்போது இது ஓடிக்கிட்டிருக்கணும்.

— அவருக்குத் தெரியாம வாங்கினதா?

— மூச்சு விடலையே!

— பிறந்தநாளா, என்ன?

— அதெல்லாம் ஒண்ணுமில்லை. மனுஷன் வாய்விட்டுச் சிரிச்சு ரொம்ப நாளாச்சு சார். வேலைக்குப் போறார், வர்றார், சாப்பிடறார், ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறார். என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கறார். ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு அப்படி நிக்கணும்? அதான், இதைப் பாத்தாவது... சரி, அதை விடுங்க. என்ன செய்யணும் இப்போ?

— பாய்லர்ல தண்ணி ஊத்தியாச்சா? குழாய்த் தண்ணி இல்லையே? அதை ஊத்தினா உள்ள உப்புப் படிஞ்சு பாழாயிடும்.

— நான் பல் செட்டு செய்யறவ சார். காய்ச்சி வடிச்ச தண்ணி, ஸ்பிரிட்டு, ரெண்டும் என் மேசையிலயே இருக்கு. சூடு பண்ணி முக்கால்வாசி ஊத்தியிருக்கேன்.

— அடேயப்பா, பல் செட்டா! அப்போ ஒரு நாள் நான் உங்ககிட்ட வரணும். கீழ்வரிசை எனக்கு தாளம் போடுது.

— வாங்க சார். கட்டாயம் வாங்க. உங்களுக்குன்னா என் கையாலேயே செஞ்சு தரேன்.

— சரி சரி, பல்லு ஓடிப்போகாது. பாய்லர் தலையில குட்டியா ஒரு குமிழ் இருக்கா? பிடிச்சு இழுத்து விடுங்க. ஸ்பிரிங் மேல போய் கீழ வரணும்.

— வருது.

— அப்போ பயமில்லை. அது ஒட்டிக்கிட்டாதான் வம்பு, ஆவி வெளிய போக வழியில்லாம வெடிச்சுத் தொலைக்கும். இப்போ சிலிண்டர்ல ரெண்டு சொட்டு எண்ணெய். கெட்டி எண்ணெய்தானே?

— அதான், அதான். விட்டாச்சு.

— விளக்கைப் பத்தவெச்சு பாய்லருக்கு அடியில தள்ளுங்க. திரி ரொம்ப நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது. தீ நீலமா, அடக்கமா எரியணும்.

— எரியுது. இனி?

— இனி என்ன, காத்திருக்கணும். பாய்லர் முனக ஆரம்பிக்கும். அதுக்கு முன்னாடி அதை ஒண்ணும் தொந்தரவு பண்ணக் கூடாது.

— சார், தப்பா எடுத்துக்காதீங்க. தண்ணி, தீ, எண்ணெய்னு எல்லாம் விரல் நுனியில வெச்சிருக்கீங்க. அப்புறம் ஏன் உங்க கையில ஓடாது?

— அது ஒரு பெரிய கதைம்மா.

— தண்ணி கொதிக்கணுமே, சொல்லுங்க.

— நானும் புதுசா வாங்கினதில்லை அது. பழைய சாமான் கடையில நானும் என் தம்பியும் சேர்ந்து வாங்கினது. அப்போ எனக்கு மீசை அரும்பற வயசு, அவன் அரை டவுசர். வழி முழுக்க ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டு, கல்யாணப் பொண்ணை அழைச்சிட்டு வர்ற மாதிரி கொண்டுவந்தோம். வந்ததும் யார் ஓட்டறதுன்னு அடிதடி. சட்டை கிழிஞ்சு, அம்மாகிட்ட ரெண்டு பேரும் வாங்கிக் கட்டிக்கிட்டு, கடைசியில சத்தியம் பண்ணிக்கிட்டோம். தண்ணியும் தீயும் என் வேலை. சக்கரமும் விசிலும் அவன் வேலை. ஒருத்தன் வேலையில இன்னொருத்தன் கை வைக்கக் கூடாது. கடைசிவரைக்கும் வைக்கலையே! அவன் சக்கரத்தை எப்படித் தட்டிவிடுவான்னுகூட நான் பாத்ததில்லை. குனிஞ்சு உடம்பால மறைச்சுக்குவான், திருட்டுப் பய.

— இப்போ தம்பி எங்கே?

— எங்கேயோ.

— எங்கேயோன்னா?

— ஒரு பொண்ணைப் பிடிச்சிருக்குன்னு வந்து நின்னான். நான் அதுக்குள்ள இன்னொரு இடத்துல வாக்கு குடுத்துட்டேன். அப்பா இல்லாத வீடு, நான் சொன்னதுதான் சட்டம்னு நெனப்பு எனக்கு. கட்டினா அவளைத்தான்னான். அப்போ இந்தப் படியை மிதிக்காதேன்னேன். மிதிக்கவே இல்லைம்மா. ரோஷக்காரன்.

— அந்தப் பொண்ணு மேல கோவமா சார் உங்களுக்கு?

— யாருக்குத் தெரியும் அந்தப் பொண்ணை? முகம் பாக்கலை. ஊர் என்ன, தொழில் என்ன, ஒண்ணையும் காதுல போட்டுக்கலை. அது என்ன பண்ணும் பாவம், நாங்க ரெண்டு பேரும் முட்டிக்கிட்டதுக்கு? கோவமெல்லாம் எப்பவோ வத்திப்போச்சும்மா. வீறாப்புதான் மிச்சம். அவனா வரட்டும்னு நான் இருக்கேன். அண்ணன் கூப்பிடட்டும்னு அவன் இருப்பான். இல்லை, என்னை சுத்தமா மறந்துட்டானோ என்னமோ.

— மறந்திருக்க மாட்டார்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— சும்மா... மனசுல பட்டுச்சு, சொன்னேன்.

— நல்ல மனசும்மா உனக்கு. அவன் போனப்புறம் எத்தனையோ தடவை தீ வெச்சுப் பாத்துட்டேன். ஆவி வரும், தண்ணி துப்பும், சக்கரம் ஒரு முக்கு முக்கிட்டு நின்னுடும். அது என்னைப் பாத்து, எங்கேடா உன் தம்பின்னு கேக்கற மாதிரி இருக்கும். ஏங்கிப்போயிடும்மா மனசு. கண் முன்னால வெச்சுக்க முடியலை. அதான் வித்தேன். வித்த அன்னிலேர்ந்து ஏன் வித்தோம்னு இருக்கு.

— சார், முனகுது! பாய்லர் முனகுது!

— கேக்குது, கேக்குது. பக்கத்துல குழாய் இருக்கே, அதோட திருகை மெதுவா திற.

— ஐயோ, மேசையெல்லாம் தண்ணியாத் துப்புது!

— துப்பட்டும். சிலிண்டர் இன்னும் சூடேறலை, ஆவி உள்ள போய் தண்ணியாயிடுது. துணியால துடைச்சுக்கிட்டே சக்கரத்தைத் தட்டிவிடு.

— எப்படித் தட்டணும்?

— அங்கதாம்மா மாட்டிக்கிட்டேன். அது அவன் வேலைன்னேனே. நான் வலது கையால என் பக்கமா இழுத்துத் தட்டுவேன்.

— தட்டறேன்... ம்ஹூம். முக்குது, நிக்குது.

— பாத்தியா? அதே மாதிரிதான். விட்டுடும்மா. உன் நேரத்தையும் கெடுத்துட்டேன். திருப்பி எடுத்துக்கறேன், அனுப்பிடு.

— இருங்க சார், அதுக்குள்ள என்ன அவசரம்? இடது கையால அந்தப் பக்கமா தள்ளிப் பாக்கறேன்.

— இடது கையாலயா?

— எங்க வீட்டுக்காரருக்கு எல்லாமே இடது கைதான். அவர் மூடின பாட்டிலை நான் திறக்கவே முடியாது. இதோ ஒண்ணு... நிக்குது. இன்னொண்ணு... சார்!

— என்னம்மா?

— சுத்துது சார்! நிக்கலை! கை எடுத்துட்டேன், தானா சுத்துது!

— பேசாதே. பேசாதேம்மா, ஒரு நிமிஷம். கேக்கட்டும்.

— ...

— ...

— சார்? இருக்கீங்களா?

— இருக்கேன். அப்படியேதான் இருக்கு. குக்கு, குக்கு, குக்குன்னு, நடுவுல ஒரு விக்கல். அந்த விக்கல்கூட அப்படியே இருக்கு. அவன் குதிப்பான்மா. சக்கரம் சுத்த ஆரம்பிச்சதும் வீடே இடிஞ்சு விழற மாதிரி குதிப்பான்.

— அழறீங்களா?

— ஆமாம்மா. அழுதா என்ன இப்போ?

— அழுங்க சார், நல்லா அழுங்க. விசிலை இழுக்கட்டுமா?

— வேண்டாம். அது... வேண்டாம்மா.

— சரி. அவர் வந்து இழுக்கட்டும்.

— எவர்? எவர் வந்து இழுக்கணும்? அம்மாடி, நீ யாரு?

— மாமா, விக்கறது நீங்கன்னு தெரிஞ்சுதான் வாங்கினேன். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், போனை மட்டும் வெச்சிடாதீங்க. வந்துட்டார், செருப்பைக் கழட்டறார். என்னங்க, சீக்கிரம் உள்ள வாங்க!

— ஏய்... இது எங்க எஞ்சின் சத்தமாச்சே! அண்ணன் வந்திருக்கானா?