சட்டப்படி ஏழை

என் வீட்டை இருநூற்றைம்பது டாலருக்கு வாங்கினேன். நல்ல கோட்டு ஒன்றுகூட வராத காசு. வீட்டுக்காரன் கைவிட்டு ஓடிய கட்டடம். எங்கள் பிராங்க்ஸ் பகுதியில் அப்போது வீட்டுக்காரர்கள் அப்படித்தான் ஓடினார்கள். குளிரில் வாளித் தண்ணீர் சுமந்து அதைக் காப்பாற்றிய வாடகைக்காரர்கள் எங்களுக்கே நகர நிர்வாகம் எழுதிக் கொடுத்தது. நிபந்தனை ஒன்றுதான்: பின்னால் வாங்குகிறவரும் குறைந்த வருமானக்காரராக இருக்க வேண்டும்.

வருமானத்துக்கு வரம்பு வைத்தவர்கள் விலைக்கு வைக்கவில்லை. இன்று ஒரு வீடு நாலு லட்சத்துக்கு மேல் போகிறது. எங்கள் கட்டடத்தை நம்பி வங்கி கடன் தராது, முழுவதும் ரொக்கம். சம்பளம் சொற்பமாக இருக்க வேண்டும், கையில் நாலு லட்சமும் இருக்க வேண்டும். அப்படியும் ஏழைகள் இருக்கிறார்கள், ஐயா. அவர்களுக்கு அப்பா இருப்பார்.

நான் கட்டடச் சங்கத் தலைவர். யார் விற்றாலும் முப்பது சதவீதம் கட்டடத்துக்கு வரும். கூரை வேறு ஒழுகியது. ஐந்தாம் மாடி ஒத்திலியாவுக்கு எண்பத்தொரு வயது, பலவீனமான இதயம். ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள்.

"எலிகியோ, இந்த வீட்ட நெரெய்டாவுக்குக் குடுக்கறேன். நான் வாங்கின வெலைக்கே. வெள்ளிக்கெழம வக்கீல்கிட்ட கையெழுத்து."

நெரெய்டா அவளைப் பார்த்துக்கொள்ளும் பெண்.

"அக்கா, அந்தக் காசுக்கு இன்னைக்கு ஒரு கதவு வாங்க முடியாது."

"ஒனக்கும் அதே வெலதானடா. அப்ப மட்டும் இனிச்சுதோ?"

அடுப்படியில் வாழைக்காய் மசித்துக்கொண்டிருந்த நெரெய்டா சிரித்தாள். "மொகத்தத் தூக்கி வச்சுக்காதீங்க, தலைவரே. சட்டம் தேடுற அசல் ஏழ நான்தான்."

உண்மைதான். ஆனால் இருநூற்றைம்பதில் முப்பது சதவீதம் எழுபத்தைந்து டாலர். கூரைக்குத் தார் டப்பா வாங்கலாம்.

வியாழன் மாலை நெரெய்டாவுக்கு விடுப்பு. ஒத்திலியா தனியாகச் சர்ச்சுக்குப் பூசைக்குப் போவாள். அவள் திரும்பும் நேரத்துக்கு லிஃப்டை நிறுத்தி, 'பழுது' என்று எழுதி ஒட்டினேன். கீழே காத்திருக்கிறேன் என்றாள். ரிப்பேர்காரன் நாளைக்குத்தான் வருவான் என்றேன். கையைப் பிடித்து நானே மேலே அழைத்துப் போனேன். மூன்றாம் மாடியில் உட்காரப் பார்த்தாள்.

"உக்காந்தா எந்திரிக்க முடியாதுக்கா. வாங்க, இன்னும் கொஞ்சந்தான்."

நான்காம் மாடி தாண்டியதும் விழுந்தாள். மூச்சு அடங்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன். பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவர்கள் சிரமப்படக் கூடாதென்று லிஃப்டைப் போட்டுவிட்டேன். படியில் கிடந்த ஒத்திலியாவின் செருப்பை எடுக்க வந்த நெரெய்டா, "லிஃப்ட் எப்ப சரியாச்சு, தலைவரே?" என்று கேட்டது அதனால்தான். இப்போது நீங்களும் கேட்கிறீர்கள்.

புளோரிடாவிலிருக்கும் ஒத்திலியாவின் மகன் வீட்டை விற்றான். வாங்கியது களிமண்ணில் சிலை செய்யும் பையன். சம்பாத்தியம் அநேகமாக இல்லை, சட்டப்படி ஏழை. பணத்தை அவன் அப்பா அனுப்பினார். ஏழைகளுக்கான கட்டடம் ஏழைகளுக்கே நிலைக்க வேண்டும் என்றுதான் நான் இத்தனையும் செய்தேன்.

விற்ற விலை நாலு லட்சத்து இருபதாயிரம். கட்டடத்துக்கு ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம். கூரைக்கு ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். மீதி எட்டாயிரத்தில் லிஃப்டைப் புதுப்பித்தோம். ஒத்திலியாவின் மலர்வளையத்துக்கு என் சொந்தக் காசு எண்பத்தைந்து டாலர் போட்டேன்; அதைக் கட்டடம் எனக்கு இன்னும் தரவில்லை.