கம்பியில் கேட்ட சத்தம்

நடுநிசி தாண்டியிருந்தது. வேலூரில், தோல் பதனிடும் ஷாப்புகளை ஒட்டிப் போகும் மண் ரோடு. ஆளரவம் இல்லை... ஊறப்போட்ட தோலின் வாடை, சுண்ணாம்பு வாடை, அவ்வளவுதான்.

இது, இதை எனக்குச் சொன்ன அப்துல் ஹமீதின் சிநேகிதனுடைய சித்தப்பாவுக்கு நடந்தது. பெயர் ரத்தினசாமி. தண்ணீர்க் குழாய்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டர். வெள்ளைக்காரன் காலம், பாலாறு வெறும் மணலாய்க் கிடந்த ஒரு கோடை. சாயங்காலம் நிரப்பிய ஊர்த் தண்ணீர்த் தொட்டி விடிவதற்குள் பாதியாகிவிடும். அவர் குடியிருந்த தெருவின் குழாயில் சொட்டு வராது. ஜனங்கள் ஷாப்புக் கிணற்றில் மொண்டு குடித்தார்கள். பேதி கண்டு இரண்டு பிள்ளைகள் போய்விட்டன. அவர் மனைவி பூவம்மாளும் அதே தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தாள்.

ஊர் தூங்கி, குழாய்களெல்லாம் மூடிக் கிடக்கிற நேரத்தில்தான் ஒழுக்கு பிடிபடும். இரும்புக் கம்பியின் ஒரு முனையைப் பெரிய குழாயில் ஊன்றி, மறுமுனையில் காதை வைக்க வேண்டும். ஒழுகினால் ‘ஸ்ஸ்...’ என்று சீறும்.

அங்கே சீறவில்லை.

மடக்... மடக்... நின்றது. ஒரு பெருமூச்சு. மறுபடியும் மடக்... மடக்...

“வால்வை மூடு” என்றார் ரத்தினசாமி.

கூட வந்த முக்தார் அகமது லாந்தரைக் கீழே வைத்துவிட்டுத் திருகி மூடினான். “மூடிட்டேண்ணா. இன்னா கேக்குது?”

அவர் காதைக் கம்பியில் இன்னும் அழுத்தினார். தண்ணீர் நின்றது. விழுங்குகிற சத்தமும் நின்றது. பிறகு கம்பி வழியாக, காதை உரசிக்கொண்டு, மெதுவாக...

“தொற.”

கம்பியைப் போட்டுவிட்டார். முக்தார் அதை எடுத்துக் காதில் வைத்தான். அவன் முகம் வெளுத்தது. ஓடிப்போய் வால்வைத் திறந்துவிட்டான்.

“இன்னாடா பண்றே?”

“குடிக்கட்டும்ண்ணா... அழுவுது.”

விடிந்ததும் தோண்டினார்கள். கூலிக்கு வந்த காசி, முன்பு அந்தக் குழாய் பதித்தபோதும் பள்ளம் வெட்டியவன். குழாய் மூட்டில் அடைத்த ஈயம் ஒரு பக்கம் தேய்ந்து, நக்கியதுபோல வழுவழுவென்று இருந்தது. தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. ஆனால் கீழே மண் காய்ந்த பொடி. அந்தப் பொடியில் ஓர் ஆள் மல்லாந்து படுத்த அளவுக்கு ஒரு குழிவு. தலைப்பக்கம் நேராக அந்த ஒழுக்குக்குக் கீழே.

காசி ஒரே ஒரு தடவை பார்த்தான். மண்வெட்டியை அங்கேயே விட்டுவிட்டு மேலே ஏறினான்.

“அடைக்காதீங்கண்ணா. கொழா போட்டப்போ மண்ணு சரிஞ்சு ஒருத்தன் இங்கதான் அடியில போனான்.”

“தெருவுல புள்ளைங்க சாவுது காசி.”

ரத்தினசாமி ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி, அடித்து இறுக்கி, மண்ணைத் தள்ளி மூடினார்.

அன்று பொழுது சாய, தெருக்குழாயில் தண்ணீர் பீறிட்டது. தெருவே கூடிக் குடம் குடமாய்ப் பிடித்தது, வயிறு முட்டக் குடித்தது. பூவம்மாள் சிரித்ததைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. ரத்தினசாமி அடித்துப் போட்டாற்போல் தூங்கினார்.

விழித்தபோது பக்கத்துப் பாய் காலி. கதவு திறந்து கிடந்தது. லாந்தரோடு வெளியே போனார்.

குழாயடியில் பூவம்மாள் மல்லாந்து படுத்திருந்தாள். கண் மூடி, வாய் திறந்து. குழாயை யாரும் திறக்கவே இல்லை. ஆனாலும் அவள் தொண்டை மடக்... மடக்... என்று ஏறி ஏறி இறங்கியது.

“பூவு...”

அவள் அசையவில்லை. ரத்தினசாமி லாந்தரைத் தூக்கிப் பிடித்தார். அவளுக்கு அப்பால், இருட்டு வரைக்கும், தெரு ஜனம் மொத்தமும் வரிசையாக மல்லாந்து படுத்திருந்தது... வாயைத் திறந்துகொண்டு, தன் முறைக்காக.