எவரிஸ்தோவுக்கு எழுதிய பூஜ்யம்

கிட்டே வந்து உட்காரம்மா. இந்த ஆய்வுக்கூடத்து நாற்காலிகள் ஆடும், சுவரோரம் இருப்பது தேவலை. நீ விசாரிக்க வந்ததைக் கதையாகவே சொல்கிறேன், ஒன்றையும் மறைக்காமல்.

வால்பரைசோ மீன்பிடித் துறைமுகத்து ஆண்களின் ரத்தத்தை இருபத்திரண்டு வருடமாக நான்தான் பார்க்கிறேன். புற்று வந்த புரோஸ்டேட் சுரப்பியை அறுத்தெடுத்த பிறகு, அதன் செல் ஒன்றுகூட ரத்தத்தில் மிதக்கக் கூடாது. மிதந்தால், சாயம் போட்டதும் ஸ்லைடில் பழுப்பாகத் தெரியும். எண்ணி எழுதுவது என் வேலை.

அப்படிச் சுரப்பியை எடுத்திருந்த மீனவன் எவரிஸ்தோ, ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டே சிரித்தான். “என் உடம்புல ஓடுறது உப்புத்தண்ணி, ஒத்திலியாக்கா. மீன் கிடைச்சா பாதி உங்களுக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “ஏதாச்சும் இருந்தா, புனித பேதுரு திருவிழா முடியட்டும்க்கா. இந்த வருஷம் புனிதரோட சொரூபம் என் படகுலதான் ஊர்வலம் போவுது.”

ஸ்லைடில் ஆறு செல்கள் இருந்தன. பூஜ்யம் என்று எழுதினேன். திருவிழாவுக்குப் பதினேழே நாள். அவன் படகுக்குப் பூக்கட்டிய அழகை நீ பார்த்திருக்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்து வந்தான். முப்பத்தொன்று. அதை எழுதினால் டாக்டர் பழைய ஸ்லைடைக் கேட்பார். ஆகவே மறுபடியும் பூஜ்யம். ஸ்லைடுகளை அடுக்கிவைக்கும் அதே பெட்டியில் வேறு எவனுக்காவது செல் இருப்பதாக எழுதினாலும், ஒப்பிட்டுப் பார்க்கப் பெட்டியைத் திறப்பார். அதனால் அந்தப் பெட்டியில் எல்லோருக்கும் பூஜ்யம். நியாயமாக யோசித்துப் பார், எனக்கு வேறு வழி இல்லை.

முடிவுத் தாளை வாங்கிய ஒவ்வொருவனும் என்னைக் கட்டிக்கொண்டான். “உங்க கை ராசியான கைக்கா!” அந்த அணைப்பில் மூச்சு முட்டியது எனக்கு மட்டும்தான்.

வலை இழுக்கையில் எவரிஸ்தோவின் முதுகெலும்பு முறிந்தது. எலும்பெல்லாம் புற்று. போன மாதம் அடக்கம் செய்தோம். அதனால்தானே உன்னை அனுப்பியிருக்கிறார்கள். பதினான்கு மாதம் அவன் பயமில்லாமல் வாழ்ந்தான் என்பதையும் எழுதிக்கொள்.

உண்மையில் செல் இருந்தவர்கள் பதினொரு பேர். பெயர்களை இந்தத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்பதாவதைப் படிக்கும் முன் பேனாவைக் கீழே வைத்துவிடம்மா. உன் அப்பா போன செவ்வாய்க்கிழமைதான் வந்தார். பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு, “சாயங்காலம் மக வீட்டுலதான் டீயும் ரொட்டியும்” என்று விசிலடித்தபடி படியிறங்கினார். அந்தச் சந்தோஷம் நான் கொடுத்தது. உன் வீட்டில் ரொட்டி குறையாதிருக்கட்டும். உன் வீட்டு ஆண்கள் நெடுங்காலம் நன்றாக இருக்கட்டும்.