மறியலுக்குப் பறிச்ச மண்

"பிளேன்ரீயோ? தேத்தண்ணி வைக்கத் தண்ணி இருந்தாலெல்லோ அண்ணை! சோடாதான் கிடக்கு. கிணத்திலை வாளியை விட்டா அடியிலை போய் 'டங்' எண்டுது. ஆத்து மண்ணை வழிச்சு எடுத்தா, கிணத்திலை என்ன ஊறும்... பிளேன்ரீயோ?"

மறியலைப் படமெடுக்க வந்த நிருபரைத் தன் தேநீர்க்கடைக் கதிரையில் இருத்திப் பிடித்துக்கொண்டாள் யதுர்ஷிகா. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளுக்கு வாயை விட மட்டும் மனமில்லை.

"மறியல் முடிஞ்சுது, பிந்திட்டியள். மீள்குடியேறின நேரம் வீட்டுத்திட்டத்துக்கெண்டு லான்ட்மாஸ்ரர் உழவு மெசினிலை மண் அள்ளினது. அதைக் குறை சொல்லேலாது, தறப்பாள் கொட்டிலுக்குள்ள எவ்வளவு காலம் கிடக்கிறது? பிறகு டிப்பர் லொறி. வீடெல்லாம் கட்டி முடிஞ்சுது, டிப்பர்தான் முடியேல்லை. கரையிலை மருதமரமெல்லாம் வேர் தெரிய நிக்குது. எங்கட கச்சான் கடலைத் தோட்டம் கருகிப் போச்சு. அம்மா குடத்தோட பள்ளிக்கூடக் குழாய்க்குப் போறா. நான் விட்ட பள்ளிக்கூடத்துக்கு அவா போறா!

ஓம் ஓம், மறியல் கதைக்கு வாறன். ஆத்துப் பாதையை மறிக்கோணும் எண்டார் சங்கத் தலைவர் பாலன் மாமா. என்னத்தாலை மறிக்கிறது? மரம் வெட்டினா வன இலாகா. டயர் எரிச்சா பொலிஸ். அப்ப... சிரிக்கக்கூடாது... ஒரு டிப்பர்காரனையே கூப்பிட்டு, நடு றோட்டிலை ஒரு லோட் மண்ணைக் கொட்டிப் பறிப்பிச்சம். ஆத்து மண்தான்! ஆத்தைக் காப்பாத்த! 'இன்னும் வேணுமெண்டாச் சொல்லுங்கோ' எண்டிட்டுப் போறான் அவன்.

அடுத்த நாள் பாத்தா மறியலிலை பாதியைக் காணேல்லை. சிவலட்சுமி மாமி ஒரு இரும்புத் தாச்சி நிறைய அள்ளினா, பூக்கண்டுக்காம். கிருபன் தள்ளுவண்டிலோட வந்தான், கக்கூசு கட்டவாம். மிச்சத்துக்கு மேலாலை டிப்பர் ஏறிப் போச்சு. வெக்கங்கெட்ட சனம்!

என்ன? மண் பறிக்கச் சொன்னது ஆரோ? அது... நான்தான். உள்ளுக்கு என்ன எட்டிப் பாக்கிறியள்? அது குசினிச் சுவர். ஓம், புதுசாப் பூசினது. ஊரே அள்ளேக்கை நாங்கள் மட்டும் வாய் பாத்துக்கொண்டு நிக்கிறதோ? வெடிச்சுத்தான் கிடக்கு. பூசின சுவர் காயாமல் நெடுகத் தண்ணி அடிக்கோணுமாம். தண்ணிக்கு நான் எங்கை போறது?"

நிருபர் சோடாப் போத்தலை வைத்துவிட்டு, அப்போதுதான் கமராவின் மூடியைக் கழற்றினார்.

"ஐயோ அண்ணை, ஆறு அங்காலை! சுவரை ஏன் எடுக்கிறியள்?"